தங்கச்சிமடத்துப் பையனைக் கலாக்ஷேத்ராவுக்கு அனுப்பலாமா?

கரைவலை | மே 11, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வழக்கமாகக் காற்றையும் இறால் விலையையும்தான் பேசுவேன். இன்று வேறு விஷயம்.

என் அக்கா மகனுக்கு வயது 20. பிளஸ் டூ முடித்ததும் எல்லாரும் பாலிடெக்னிக் போகச் சொன்னோம். அவன் நேராகப் போய் ராமநாதபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதநாட்டியம் சேர்ந்துவிட்டான். மூன்று வருடப் படிப்பு, இப்போது முடிகிறது. வகுப்பில் அவன் ஒருவன்தான் பையன். அடுத்து சென்னையில் இருக்கும் கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். (அவன் படிப்பே அதுதானே, எத்தனை நாளானாலும் நிற்பான் என்கிறாள் அக்கா.)

மச்சான் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஜூன் 14 வரை வீட்டில் இருக்கிறார், ஆகையால் சண்டையும் வீட்டிலேயே இருக்கிறது. அந்தப் பள்ளியை நடத்துவது யார், முடித்தால் டிகிரி கிடைக்குமா, வேதக்காரப் பிள்ளையை (நாங்கள் கிறிஸ்தவர்கள்) அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்று என்னைக் கேட்கிறார். எனக்குத் தெரிந்த நாட்டியம் திருவிழாவில் ஆடும் ஒயிலாட்டம் வரைதான். பங்குச்சாமியிடம் கேட்டதற்கு, திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறதே, அங்கே அனுப்பலாமே என்றார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் வாத்தியார் | மே 11, இரவு 10:25

தம்பி, மச்சானின் முதல் கேள்விக்கு ஒரு வரிப் பதில்: மத்திய அரசின் கலாச்சார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 1993இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று அறிவித்தது. தனியார் டான்ஸ் கிளாஸ் இல்லை என்று அவருக்குத் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி ஒரு வரியில் அடங்காத கதை. தொடங்கியவர் ருக்மிணி தேவி. 1904இல் மதுரையில் பிறந்தவர், நம் பக்கத்துப் பெண் என்றே சொல்லிக்கொள்ளலாம். அப்பா நீலகண்ட சாஸ்திரி, எஞ்சினியர், பிரம்மஞான சபைக்காரர் (தியோசாபிகல் சொசைட்டி, தலைமையிடம் அடையாறு). அதனால் குடும்பம் சென்னை அடையாறுக்குப் போனது. 16 வயதில் அந்தப் பெண், தன்னைவிட 26 வயது மூத்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்துகொண்டார். 1920இல் சென்னை மாநகரம் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு வேறு பேச்சே இருந்திருக்காது.

அவர் முதலில் கற்றது பரதம் இல்லை. கப்பல் பயணத்தில் ரஷ்யாவின் அன்னா பாவ்லோவாவின் பழக்கம் கிடைத்து, அந்த வட்டாரத்தில் பாலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டில் இருப்பதைத் தேடிப் பார் என்று தூண்டிவிட்டவரும் பாவ்லோவாதான். ஊருக்குத் திரும்பி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றுக்கொண்டார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடை ஏறினார். அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், ஒரு மரத்தடியில் ஒரே ஒரு மாணவியோடு பள்ளி ஆரம்பமானது. கலாக்ஷேத்ரா என்ற பெயர் இரண்டு வருடம் கழித்து வந்தது.

இப்போது இருக்கும் திருவான்மியூர் இடத்துக்கு 1962இல் மாறினார்கள். ஏறக்குறைய 100 ஏக்கர். அப்போது அது வெறும் கடற்கரை மணல். ஒவ்வொரு மரமாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பையனுக்கு மணலும் உப்புக்காற்றும் புதிதாக இருக்காது.

பாம்பன் காத்து | மே 11, இரவு 10:41

வாத்தியார் சார் ஒரு வரி என்றால் நாலு பத்தி என்று இந்தப் பக்கத்துக்கே தெரியும் 😄

சலங்கை | மே 12, காலை 6:15

நான் தொண்டி. கலாக்ஷேத்ராவில் படித்தவள், வெளியே வந்து 20 வருடத்துக்கு மேலாகிறது. இப்போது திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் நாட்டிய ஆசிரியை.

படிப்பு விவரம் முதலில். பரதநாட்டியத்தில் நான்கு ஆண்டு டிப்ளமோ, அதற்கு மேல் இரண்டு ஆண்டு முதுநிலை டிப்ளமோ. கர்நாடக இசைக்குத் தனியாகப் படிப்பு உண்டு. நாட்டியத்தில் சேர்ந்தாலும் பாட்டுக் கற்றே ஆகவேண்டும். நட்டுவாங்கம் (தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது), சாஸ்திரப் பாடம், மொழிப்பாடம் எல்லாம் உண்டு. தாளம் போடத் தெரியாமல் யாரும் அங்கிருந்து வெளியே வர முடியாது. விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

காலையில் ஆலமரத்தடியில் எல்லாரும் கூடிப் பிரார்த்தனை. கரைவலை அண்ணன் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. பிரம்மஞான சபையிலிருந்து முளைத்த பள்ளி என்பதால் எல்லா மதத்துப் பிரார்த்தனையும் அதில் வரும். கிறிஸ்தவப் பிரார்த்தனையும்தான். பிறகு அவரவர் குடிலுக்கு வகுப்புக்குப் போவோம். ஓலையும் ஓடும் வேய்ந்த சின்னச் சின்னக் குடில்கள். ஆசிரியர் தரையில் உட்கார்ந்து தட்டுக்கழியால் மனைக்கட்டையில் தட்டுவார். நாலு குடிலில் நாலு காலப்பிரமாணத்தில் தட்டும் சத்தம் மரங்களுக்கு நடுவே கலந்து கேட்கும். எனக்கு இன்றைக்கும் எங்காவது தச்சு வேலை நடந்தால் கால் துறுதுறுக்கும்.

மதத்தைப் பற்றி இன்னொன்று. 2005 முதல் 2012 வரை அங்கே இயக்குநராக இருந்தவர் லீலா சாம்சன். அவரும் அங்கேயே படித்த மாணவிதான். அப்பா யூதர், அம்மா கத்தோலிக்கர். ஆனால் ஒன்றை மச்சானிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆடும் பாட்டெல்லாம் சிவனும் முருகனும் கண்ணனும்தான். மேடையில் நடராஜர் இருப்பார். அவரை அங்கே கொண்டுவந்து வைத்ததே ருக்மிணி தேவிதான் என்பார்கள். நமஸ்காரம் செய்துதான் வகுப்பு தொடங்கும், முடியும். வீட்டில் இதை இப்போதே பேசி முடித்துக்கொள்வது நல்லது. மூன்றாம் வருடத்தில் வர்ணம் என்ற பெரிய உருப்படியைப் பிடிக்கும்போது பேசக்கூடாது.

கரைவலை | மே 12, காலை 6:50

அதைப் பேசியாகிவிட்டது அக்கா. இசைப்பள்ளியில் மூன்று வருடமாக அதைத்தானே ஆடுகிறான். போன மார்கழியில் ஆருத்ராவுக்கு உத்தரகோசமங்கை போய், மரகத நடராஜருக்குச் சந்தனம் களையும் நாளில் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தான். வருடத்துக்கு ஒருமுறைதானே சந்தனம் இல்லாமல் பார்க்க முடியும். "தூக்கிய காலைச் சரியாகப் பார்க்கணும்னு போனேன்" என்றான். அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் ஒழுங்காக வரச் சொன்னாள்.

பரமக்குடித் தறி | மே 12, காலை 9:05

நாட்டியம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும், சேலையால். 1937 வாக்கிலேயே அங்கே நெசவுக் கூடம் தொடங்கிவிட்டார்கள். நாட்டிய உடைக்கு ஏற்ற துணி கடையில் கிடைக்கவில்லை, அதனால் நாமே நெய்வோம் என்று ஆரம்பித்தது. பழைய சேலைகளைப் பார்த்துப் பார்த்து அந்தக் கரைகளைத் திரும்ப நெய்ய வைத்தார் அந்த அம்மா.

கோர்வை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஊடு நூல் தனித்தனி நாடாவில் வரும். சேரும் இடத்தில் கைகோத்த மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். தறியில் ஒரு ஆள் போதாது, பக்கத்தில் இன்னொருவர் இருந்து நாடா வாங்கித் தரவேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு என்னைத்தான் உட்கார வைப்பார்கள், பத்து வயதில். படிப்பு ஏறாததற்கு அதைத்தான் இன்று வரை காரணம் சொல்கிறேன். இந்த வேலையை லேசில் செய்துவிட முடியாது. அகலக் கரை, கட்டம், நல்ல அரக்கு, மாம்பழ மஞ்சள். யாராவது பெரிய வீட்டம்மா வந்து "கலாக்ஷேத்ரா மாதிரி" வேண்டும் என்று கேட்டால், சரி, கோர்வை கேட்கிறார் என்று புரிந்துகொள்வோம். கலம்காரிச் சாயவேலையும் அங்கே உண்டு.

தேவிபட்டினம் வாத்தியார் | மே 12, காலை 9:30

சேலை வந்ததால் நூலும் வரட்டும். உ.வே.சா. 1942இல் காலமானார். அடுத்த வருடமே அவர் சேர்த்த ஏடுகளுக்கும் புத்தகங்களுக்கும் நூல்நிலையம் அமைத்தது ருக்மிணி தேவிதான். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு நாட்டியத்தைவிட அது பெரிய காரியம். இந்தச் சீமைக்காரன் என்ற முறையில் இன்னும் கொஞ்சம் பெரிது. தமிழ்ப் புலவர்களுக்கு அள்ளிக் கொடுத்த பாண்டித்துரைத் தேவர் ராமநாதபுரத்தை ஆண்ட நம் சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்தவர்தானே.

நாயனக்காரர் பேரன் | மே 12, மதியம் 1:10

எல்லாரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள்.

என் தாத்தா ராமேஸ்வரத்திலும் சுற்று ஊர்க் கோயில்களிலும் நாயனம் வாசித்தவர். எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு காலத்தில் ஆடியவர்கள். என் அப்பத்தாவின் அம்மா ஆடியிருக்கிறார். அப்பத்தா ஆடவில்லை. அம்மா ஆடுவதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார். இப்போது என் மகளை டான்ஸ் கிளாஸ் அனுப்புகிறேன். மாதம் காசு கட்டி, வேறு ஒருவர் வீட்டில் போய், எங்கள் வீட்டில் இருந்ததைக் கற்றுக்கொண்டு வருகிறாள்.

ருக்மிணி தேவி பரதத்தைக் காப்பாற்றினார் என்று மூச்சுக்கு ஒருமுறை சொல்வார்கள். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கௌரி அம்மாள், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தஞ்சை நால்வர் (அரண்மனை நாட்டிய ஆசான்களான நான்கு சகோதரர்கள்) வழியில் வந்தவர். அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை இன்று எல்லாரும் ஆடும் அந்த மார்கத்தை ஒழுங்கு செய்து வைத்ததே அந்த நால்வர்தான். கையில் தீபம் இருந்தவனிடம் ஒரு திரி கொளுத்திக்கொண்டு, இருட்டில் கிடந்ததை நான்தான் ஏற்றினேன் என்றால் எப்படி?

சிருங்காரத்தை (காதல் உணர்வை) மட்டுப்படுத்தியது, பக்தியை முன்னே வைத்தது, உடையை மாற்றியது எல்லாம் "நல்ல குடும்பத்து"ப் பெண்கள் ஆடுவதற்கு ஏற்ற மாதிரிதான். அப்படியென்றால் அதுவரை ஆடியவர்கள் எந்தக் குடும்பம்? அந்தப் பரம்பரையில் வந்த நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி இதை நேருக்கு நேராகவே எதிர்த்தார். சிருங்காரம்தான் இதன் உயிர், அதைச் சுத்தப்படுத்த அதில் அழுக்கு ஒன்றும் இல்லை என்பது அவர் நிலை.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போனால் சுவரோவியத்தில் சேதுபதி உட்கார்ந்து நாட்டியம் பார்க்கிறார். சேதுபதிகள் பெயரை நாம் வரிசையாகச் சொல்வோம். ஆடினவள் யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

தேவிபட்டினம் வாத்தியார் | மே 12, மதியம் 2:35

தம்பி, கோபம் எதற்கு, நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டை ஒன்றாக்காதீர்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தின் ஒழிப்புக்குச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், உங்கள் சமூகத்திலேயே பிறந்து அதை அனுபவித்தவர். 1947இல் சட்டம் வந்தது. ருக்மிணி தேவி கொண்டுவந்த சட்டம் இல்லை அது.

அவர் பழைய ஆசான்களை ஒதுக்கவும் இல்லை. கௌரி அம்மாள் அங்கேயே அபிநயம் (பாவம் காட்டுவது) கற்பித்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் கற்பித்தார்கள். இசைக்கு டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், காரைக்குடி சாம்பசிவ ஐயர், மைசூர் வாசுதேவாச்சாரியார். இத்தனை பேரை ஒரே வளாகத்தில் அப்போது எந்த அரண்மனை வைத்திருந்தது?

நாயனக்காரர் பேரன் | மே 12, மாலை 5:50

சட்டத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை சார். பொட்டுக்கட்டு ஒழிந்தது நல்லது, நூறு தடவை நல்லது. அந்தத் தண்ணீரோடு பிள்ளையும் போய்விட்டது, அதுதான் என் வருத்தம். ஆடினால் பழைய பெயர் சொல்வார்களோ என்று எங்கள் வீடுகளில் சலங்கையைப் பரண்மேல் போட்டார்கள். அதே வருடங்களில் அடையாறில் சலங்கை பூஜை நடந்தது.

ஆசான்களை வைத்துக்கொண்டார் என்கிறீர்கள். சரிதான். சம்பளம் வாங்கும் வாத்தியாராக வைத்துக்கொண்டார். நட்டுவனார் என்றால் அதுவரை மேடையே அவருடையது. எந்தப் பெண் எப்போது அரங்கேற வேண்டும் என்று முடிவு செய்வது அவர். பள்ளிக்கூடம் வந்த பிறகு அதை முடிவு செய்வது பாடத்திட்டம். நட்டுவாங்கமும் ஒரு பாடமாகி, யார் வேண்டுமானாலும் படித்துத் தேறலாம் என்று ஆனது. கௌரி அம்மாளின் கடைசிக் காலம் எவ்வளவு வறுமையில் போனது என்றும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

சலங்கை | மே 12, இரவு 8:20

நாயனக்காரர் பேரன் அண்ணா, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு கிடையாது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். யார் வேண்டுமானாலும் படித்துத் தேறலாம் என்று ஆனதால்தான் தொண்டியில் ஒரு மளிகைக் கடைக்காரர் மகள் கையில் தட்டுக்கழி வந்தது. உங்கள் வீட்டில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு அது வந்திருக்காது. நான் உங்கள் வீட்டிலிருந்து வாங்கியவள்தான், நாலு கை மாறி. அது எனக்கு வகுப்பில் யாரும் சொல்லிப் புரியவில்லை. வெளியே வந்து பத்து வருடம் கழித்து நானாகப் படித்துப் புரிந்துகொண்டேன்.

நாயனக்காரர் பேரன் | மே 12, இரவு 8:44

இந்தப் பதில் போதும் தங்கச்சி. பையன் போகட்டும். மீனவர் மகன் ஒருவன் அங்கே போய் ஆடினால் எனக்குச் சந்தோஷம்தான். வகுப்பில் கௌரி அம்மாள் பெயர் ஒரு வரியில் வந்து போகும்போது எழுந்து நின்று இரண்டு கேள்வி கேட்கட்டும்.

கீழக்கரை அக்கா | மே 13, காலை 10:15

வரலாறு இருக்கட்டும். நான் பிள்ளை பெற்றவளாகக் கேட்கிறேன். 2023இல் அங்கே நடந்ததை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? மார்ச் கடைசியில் மாணவிகள் பாலியல் தொல்லை என்று புகார் சொல்லி வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டார்கள். மாநில மகளிர் ஆணையம் போய் விசாரித்தது. எல்லாம் செய்தியில் வந்ததுதான். ஆண்பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள், பையன்களுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

சலங்கை | மே 13, மதியம் 12:05

சரியாகக் கேட்டீர்கள் அக்கா, நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் எங்கள் பழைய மாணவர்கள் குழுவில் யாரும் தூங்கவில்லை. பாதிப் பேர் பள்ளியின் பெயரைக் காப்பாற்றப் பார்த்தார்கள், பாதிப் பேர் பிள்ளைகள் பக்கம் நின்றோம். குருவை மறுத்துப் பேசக்கூடாது என்ற பழக்கம் நாட்டியத்தில் எலும்பு வரை ஊறியது. கற்பதற்கு அது உதவும். தப்பு நடந்தால் வாயை அடைப்பதும் அதே பழக்கம்தான்.

கரைவலை அண்ணா, சேர்க்கும்போது உள் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், வெளியாள் உண்டா, விடுதிக் காப்பாளர் யார் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். அரசு நிறுவனம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பையனிடமும் ஒன்று சொல்லுங்கள்: எந்த வாத்தியார் எது சொன்னாலும் மாமாவிடம் சொல்லலாம் என்று.

கரைவலை | மே 13, இரவு 9:15

எழுதி வைத்துக்கொண்டேன் அக்கா. இனி மச்சானின் டிகிரி கேள்வி. அப்புறம், சாப்பாடு எப்படி?

சலங்கை | மே 13, இரவு 9:50

சாப்பாடு முழுக்கச் சைவம். ருக்மிணி தேவி மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் முனைந்ததால்தான் 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே வந்தது. அந்தம்மா கட்டிய வளாகத்தில் மீன் குழம்பு எப்படிக் கிடைக்கும்?

பாம்பன் காத்து | மே 13, இரவு 9:53

முடிந்தது கதை. தங்கச்சிமடத்துப் பையன் நாலு வருடம் மீன் இல்லாமலா? வருடத்துக்கு 61 நாள் தடைக்காலம்தான் பார்த்திருக்கிறோம், நாலு வருடத் தடைக்காலம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கீழக்கரை அக்கா | மே 13, இரவு 10:02

வளாகத்தைத் தாண்டினால் திருவான்மியூர் குப்பம் இருக்கிறது தம்பி. பையன் எப்படியும் மோப்பம் பிடித்துப் போய்விடுவான்.

சலங்கை | மே 14, காலை 6:30

டிகிரி விஷயம். அங்கே தருவது டிப்ளமோ. பட்டம்தான் வேண்டும் என்றால் பங்குச்சாமி சொன்னது நல்ல யோசனை. கலைக்காவிரி 1977இல் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் தொடங்கியது, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி, பட்டப்படிப்பு உண்டு. நான் இருக்கும் ஊர்ப் பக்கம் என்பதால் அங்கே படித்த பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன், நன்றாக ஆடுகிறார்கள். மதுரையில் அரசு இசைக்கல்லூரியும் இருக்கிறது, வீட்டுக்குப் பக்கம். வேலை, சம்பளம், அரசுத் தேர்வு என்று கணக்குப் போட்டால் பட்டம்தான் கைகொடுக்கும். கலாக்ஷேத்ராவில் படிக்கும்போதே அஞ்சல்வழியில் ஒரு பட்டம் சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு. அதையும் செய்யலாம்.

அப்படியென்றால் எதற்கு அங்கே போகவேண்டும்? அரைமண்டிக்காக, அதாவது பாதி உட்கார்ந்த நிலைக்காக. சிரிக்காதீர்கள். கலாக்ஷேத்ராப் பாணி என்றால் கோடு. முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, முதுகு நேராக, நீட்டிய கை தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாகப் போகவேண்டும். அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) முடியும் இடத்தில் ஊசி குத்தியது போல் நிற்கவேண்டும். இதில் உயிர் இல்லை, ஜியோமெட்ரி பெட்டி என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. அந்தக் கிண்டலில் கொஞ்சம் உண்மையும் உண்டு, என் அபிநயம் அங்கே விளைந்ததைவிட வெளியேதான் விளைந்தது. ஆனால் உடம்பை அப்படிக் கட்டித் தருகிற இடம் வேறு இல்லை.

பையனுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று வருடம் ஆடியவன், அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம் எல்லாம் கைவசம் இருக்கும். அங்கே போனால் தட்டடவு என்ற முதல் அடவிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார்கள். முதல் வருடம் பெரும்பாலும் அடவிலேயே போய்விடும். வேறு பாணியில் கற்ற கை அவ்வளவு எளிதில் மாறாது. தெரியும் தெரியும் என்று நிற்பவன்தான் முதலில் உடைவான். என்னோடு சேர்ந்த ஒரு பெண் அரங்கேற்றம் முடித்துவிட்டு வந்தவள். மூன்று மாதம் தினமும் அழுதாள், நாலாம் மாதம்தான் அவளுக்குப் பாதம் தட்டும் சத்தம் மாறியது.

ஆண்பிள்ளை என்பது அங்கே குறை இல்லை, தேவை. காரணம் நாட்டிய நாடகம். 1944இல் குற்றாலக் குறவஞ்சியில் தொடங்கினார்கள். பிறகு வால்மீகி ராமாயணத்தை ஆறு நாடகமாகச் செய்தார்கள், 1955இல் முதலாவதாகச் சீதா சுயம்வரம், 1970இல் கடைசியாக மகா பட்டாபிஷேகம். முதல் நாலுக்கு இசை மைசூர் வாசுதேவாச்சாரியார், 90 வயதை நெருங்கிய காலத்தில் உட்கார்ந்து செய்தது. மீதி இரண்டை அவர் பேரன் ராஜாராம் முடித்தார். ராமன், ராவணன், அனுமன், வானரப் படை என்றால் ஆண்கள் வேண்டாமா? அதற்காகவே கேரளத்திலிருந்து கதகளி ஆசான்களை வரவழைத்தார்கள். அம்பு பணிக்கர், பிறகு சந்து பணிக்கர். பையன்களுக்குக் கதகளியும் கற்றுத் தருவது அப்படி வந்த வழக்கம். தாண்டுவதும் குதிப்பதும் அதிலிருந்து கிடைக்கும்.

சந்து பணிக்கர் 1953இல் பையனூர் பக்கத்திலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டி வந்தார். ஒருவர் பாலகோபாலன், இன்னொருவர் தனஞ்சயன். தனஞ்சயன் வீட்டில் நிறையப் பிள்ளைகள், அப்பா பள்ளி ஆசிரியர், சோற்றுக்கே கஷ்டம். உதவித்தொகையில் படித்தவர். பின்னால் மனைவி சாந்தாவோடு ஆடி உலகம் சுற்றியது எல்லாருக்கும் தெரியும். மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் எல்லாரும் தனஞ்சயன் ஆகிவிடுவார்கள் என்று சொல்லாதீர்கள். என்னோடு படித்த ஆண்களில் இரண்டு பேர் வெளிநாட்டில் வகுப்பு நடத்துகிறார்கள், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் இன்ஷூரன்ஸ்.

காசு விஷயத்துக்கு: 18 முதல் 25 வயது வரை இளம் கலைஞர்களுக்குக் கலாச்சார அமைச்சகம் உதவித்தொகை தருகிறது, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. அறிவிப்பு வரும்போது விடாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பரமக்குடித் தறி | மே 14, காலை 7:10

வானரப் படை வேண்டும் என்றால் ராமேஸ்வரம் தீவில் ஆள் எடுப்பதுதானே நியாயம்.

தேவிபட்டினம் வாத்தியார் | மே 14, காலை 8:00

நம் ஊருக்கு இசையில் பெயர் உண்டு, நாட்டியத்தில்தான் குறைவு. பூச்சி சீனிவாச ஐயங்கார் ராமநாதபுரம் சமஸ்தானத்து வித்துவான், அவர் தில்லானாக்கள் பெயர் பெற்றவை. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு அவர். மிருதங்கத்தில் ராம்நாட் முருகபூபதி, வாய்ப்பாட்டில் ராம்நாட் கிருஷ்ணன். நாட்டியத்தில் ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்ள ஒரு ஆள் வரட்டுமே.

கரைவலை | மே 14, இரவு 10:30

வாத்தியார் சார், இப்போதே பட்டம் கட்டாதீர்கள், இன்னும் நேர்முகமே நடக்கவில்லை.

இன்று வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் மச்சான் வலை பொத்திக்கொண்டிருந்தார். சலங்கை அக்கா எழுதியதை நான் சத்தமாகப் படித்தேன். அரைமண்டி வந்ததும், அது என்னடா, காட்டு பார்க்கலாம் என்றார். பையன் மணலில் உட்கார்ந்து காட்டினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல கரைவலை இழுக்கும்போது நாங்க இப்படித்தான் இடுப்பை இறக்குவோம். அம்பாப் பாட்டு முடியிற வரைக்கும் எழுந்திருக்க விடமாட்டாங்க. அதுக்கு யாரும் ஃபீஸ் வாங்கல" என்றார். அப்புறம் அவரே இறக்கிக் காட்டினார். 52 வயதில் பையனைவிடக் கீழே போய்விட்டார். எழுந்திருக்கத்தான் நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

கலைக்காவிரிக்கும் விண்ணப்பம் போடுவோம், கலாக்ஷேத்ராவுக்கும் போடுவோம், எது முதலில் கூப்பிடுகிறதோ பார்ப்போம் என்று நிற்கிறது இப்போது. டிகிரி இல்லாத இடத்துக்கு நாலு வருடமா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் சென்னை போனால் தானும் வருவேன் என்கிறார். அந்தப் புகார்க் குழு விஷயத்தைத் தானே கேட்கவேண்டுமாம். புதுப் பாலம் வந்த பிறகு ராமேஸ்வரத்திலேயே ரயில் ஏறலாம் என்பதால் மண்டபம் வரை பஸ் பிடிக்கும் தொல்லை இல்லை. எதற்கும் படகு இறங்குவதற்கு முன் தேதி அமைய வேண்டும். ஜூன் 15ஆம் தேதிக்குப் பிறகு என்றால் மச்சான் கடலில் இருப்பார்.

சலங்கை | மே 15, காலை 6:05

நேர்முகத்தில் ஆடச் சொல்வார்கள், பாடவும் சொல்வார்கள். தாளம் போட்டுக்கொண்டே பாடிப் பழகட்டும். வெள்ளை வேட்டி இரண்டு, ஒரே அளவில். மச்சானிடம் சொல்லுங்கள், வளாகத்துக்குள் செருப்பைக் கழற்றி வைக்கும் இடம் நிறைய வரும், கயிறு கட்டும் ஷூ வேண்டாம்.

பாம்பன் காத்து | மே 15, காலை 6:20

அவர் ஷூ போட்டு நாங்கள் எப்போது பார்த்தோம்?